மெதுவாகப் போட்ட கையெழுத்து

ஜூன் 12, திங்கள்

பெரியமேட்டுக் கடைக்கு ஏழு கிரிக்கெட் மட்டைகள் வந்திருந்தன. ஏழிலும் ஒரே ஆட்டக்காரரின் கையெழுத்து. ஒன்றைப் படம் எடுத்து இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது. அட மடையர்களா! மனிதனாய்ப் பிறந்தவன் எவனாவது இரண்டு தடவை அச்சு மாறாமல் கையெழுத்துப் போடுவானா? இயந்திரம் போட்டது. ஏழையும் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

கடை முதலாளி ரோஷனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. வீரர்கள் கையெழுத்திட்ட மட்டை, பந்து, சட்டை என்று விற்கிற ‘மைதானம் கலெக்ஷன்ஸ்’ அவனுடையது. முப்பத்து நாலு வயதுக்கு நல்ல பையன்தான். “மேடம், ஒண்ணாவது தேறாதா?” என்றான். தேறாது என்றேன். முப்பத்தோரு வருஷம் வங்கியில் காசோலையையும் மாதிரிக் கையெழுத்து அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்த கண் இது. அதற்காகத்தானே ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறான்? நான் சரி என்றால் பொருளோடு ஒரு சான்றிதழ் போகும். மேலே பளபளவென்று ஹோலோகிராம் ஸ்டிக்கர், கீழே ‘த. மனோன்மணி’ என்று என் கையெழுத்து. அந்தத் தாள் இருந்தால் மட்டை பொக்கிஷம். இல்லாவிட்டால் துணி துவைக்கத்தான் ஆகும்.

கோவில்பட்டியிலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வந்திருந்தது. சங்கரபாண்டியன் என்று ஒருவர். மார்ச் மாதம் நான் போலி என்று எழுதிய ஹாக்கி மட்டை அவருடையதாம். மறைந்த கோல்கீப்பர் ஞா. செல்வின்துரை, அதே ஊரிலிருந்து இந்தியாவுக்கு ஆடப் போனவர், இவர் கண் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாம். உள்ளூர் கிளப் சுவரில் மாட்டியிருந்ததை என் கடிதத்தைப் பார்த்து இறக்கிவிட்டார்களாம். மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

கண் முன்னால் போட்டது! இதைச் சொல்லாத ஆள் உண்டா?

ஜூன் 13, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு பிசியோதெரபி. வலது கைவிரல்கள் இன்று கொஞ்சம் மடங்கின. ரசத்தில் உப்புக் கூடிப்போய்விட்டது, இவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஜூன் 15, வியாழன்

அந்த மனிதர் போனிலேயே வந்துவிட்டார்.

“அம்மா, கோவில்பட்டி சங்கரபாண்டியன் பேசுதேன். லெட்டர் கெடச்சுதா?”

“கிடைச்சுது சார். என் முடிவுல மாற்றம் இல்லை.”

“மாத்தச் சொல்லலைம்மா. பாருங்கன்னுதான் சொல்லுதேன்.”

“பார்த்தாச்சு. கையெழுத்துன்னா ஓடணும் சார். இது தவழுது. ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்தி வரைஞ்சிருக்கு. அசல் ஆளு இப்படிப் போடமாட்டார்.”

“ரொம்ப நேரம் எடுத்துத்தான் போட்டான். நான் பக்கத்துல நின்னு பாத்தேம்மா.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.”

“எனக்கு அறுபத்தாறு வயசாகுதும்மா. இந்த ஊர்ல ஒருத்தன் என்னைப் பொய்யன்னு சொன்னதில்லை. இப்ப டீக்கடையில டூப்ளிகேட்டுன்னு கூப்பிடுதானுவ. மட்டையை நான் விக்கப் போறதில்லை. அந்தப் பேரை மட்டும் எடுத்து விடுங்க” என்றார்.

பேரை எடுப்பது என் வேலையில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதாம்?

ஜூன் 17, சனி

வீட்டில் ஒரு கூத்து. நான் கடைக்குப் போயிருந்தபோது இவர் பக்கத்து வீட்டுக்காரரை விட்டு ஒரு காசோலை எழுதச் சொல்லி, தானே கையெழுத்துப் போட்டு, பத்திரிகைச் சந்தாவுக்கு அனுப்பியிருக்கிறார். அது இன்று திரும்பி வந்துவிட்டது. ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று துண்டுச்சீட்டு. என் காலத்தில் அந்தச் சீட்டை நான் எத்தனை ஆயிரம் பேருக்கு வைத்திருப்பேன்!

இவர் அந்தச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். “என்... கை... தானே” என்றார்.

“என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலைங்க. எதுக்கு உங்களுக்கு இந்த வம்பு?” என்றேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாலு மாதமாக இவர் கணக்கிலிருந்து போன ஒரு காசோலைகூடத் திரும்பியதில்லை. இதுதான் முதல். சரி, விடு.

ஜூன் 20, செவ்வாய்

அடுத்த மாத ஏலத்துக்கு செல்வின்துரையின் பொருள்கள் பன்னிரண்டு சேர்ந்திருக்கின்றன என்று ரோஷன் குதிக்கிறான். பன்னிரண்டையும் பார்ப்பதற்காக மாதிரிக் கோப்பை எடுத்தேன். அவர் ரசிகர்களுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள் ஐந்து. மூன்று வருஷம் முன்னால் அவர் மனைவியே ரோஷனின் ஆளிடம் கொடுத்தவை. அவற்றை வைத்துத்தான் இதுவரை நாற்பத்தோரு சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். சாய்ந்து ஓடும் கையெழுத்து. கடைசி ‘ரை’யிலிருந்து ஒரு கோடு கிளம்பி, பெயருக்கு அடியில் வளைந்து, முதல் எழுத்து வரை வரும். அழகான வளைவு.

எதற்கும் இருக்கட்டும் என்று கோவில்பட்டி மட்டையின் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். பேனா ஒவ்வொரு எழுத்துக்கும் எழுந்திருக்கிறது. முதல் எழுத்து ‘செ’. யாரும் கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ‘ச’ போடுவார்கள். இதில் ‘ச’வை எழுதிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து, இருக்கிற இடுக்கில் கொம்பைச் செருகியிருக்கிறது. மார்ச்சில் இதைத்தான் போலிக்கு முதல் அடையாளம் என்று குறித்துவைத்தேன்.

ஆனால் இன்று ஒன்று உறுத்துகிறது. போலி போடுகிறவன் அசலைப் பார்த்துத்தானே போடுவான்? உலகம் அறிந்த அந்த வளைவை முதலில் போடமாட்டானா? இந்த ஆள் அதற்கு முயற்சிகூடச் செய்யவில்லை. எதையும் பார்த்துப் போட்ட மாதிரியே தெரியவில்லை.

கோப்பை மூடிவிட்டேன்.

ஜூன் 21, புதன்

வளைவை ஏன் போடவில்லை? எலுமிச்சம்பழம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 24, சனி

கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இவருடைய தங்கை வந்து இரண்டு நாள் பார்த்துக்கொள்வாள். ரோஷனிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், என் காசில் போகிறேன்.

ஜூன் 26, திங்கள்

நிறைய எழுத வேண்டும். கை வலித்தால் வலிக்கட்டும்.

மைதானத்துக்கு எதிரில் உள்ள டீக்கடையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார் சங்கரபாண்டியன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ஒருவன், “என்ன டூப்ளிகேட்டு, மெட்ராஸ்ல இருந்து ஆளு வந்திருக்குபோல” என்றான். சங்கரபாண்டியன் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, தினமும் கேட்டுக் கேட்டு வேறு வழியில்லாமல் வருகிற சிரிப்பு.

கிளப் அறையைக் காட்டினார். சுவர் முழுக்கக் கோப்பைகளும் போட்டோக்களும். நடுவில் ஒரு ஆணி மட்டும் சும்மா இருந்தது, கீழே மட்டையின் நீளத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையாக. பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் செல்வின்துரையின் கையெழுத்துப் போட்ட வண்ணப்படம், அதோடு என் சான்றிதழ். உள்ளூர்ப் பணக்காரர் ஒருவர் வாங்கி நன்கொடையாகக் கொடுத்ததாம். இரண்டும் வேறு வேறாக இருக்கப்போய்த்தான் மட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மட்டையை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தார். நான் முதல் தடவையாகக் கையில் வாங்கினேன். மார்ச்சில் படத்தை மட்டும் பார்த்தே எழுதிவிட்டேன்.

“எழுபத்தொம்பது பைனல்மா. நான் ரிசர்வ் கீப்பர். அந்த டோர்னமெண்டு முழுக்க பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். ஜெயிச்சு முடிச்சதும் எல்லாரும் அவனைத் தூக்குதாக. அவன் இறங்கி நேரா என்கிட்ட வந்தான். அடுத்த வருசம் நீதான் நிக்கணும், இதை வச்சுக்கோன்னு குடுத்தான். பேரு எழுதிக் குடுறான்னேன். சும்மா கேலியாத்தான் கேட்டேன். ஸ்கோர் எழுதுத மேஜையில போயி பேனா வாங்கி, திரும்பி உக்காந்து, நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதுனான்மா. எனக்கே என்னடா இதுன்னு ஆயிருச்சு.”

“அடுத்த வருஷம் நின்னீங்களா?”

“இல்லைம்மா. முட்டி போயிருச்சு. மட்டைதான் மிச்சம்.”

பிறகு செல்வின்துரையின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். மனைவி மரியபுஷ்பம், ஓய்வு பெற்ற ஆசிரியை. என்னைப் பார்த்ததும் கடலை மிட்டாயும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். ஐந்து கடிதங்களின் நகலைக் காட்டி, “சாருக்கு ரெண்டு விதமா கையெழுத்துப் போடுற பழக்கம் உண்டாம்மா?” என்று கேட்டேன்.

அந்தம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு சங்கரபாண்டியனைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“இது அவுக போட்டது இல்லை. நான் போட்டது.”

என் காதில் சரியாகத்தான் விழுந்தது.

“அவுகளுக்கு எழுதுறதுன்னாலே வேப்பங்காய். எட்டாவது பாஸ்னு சர்ட்டிபிகேட்டு உண்டு. ஸ்கூலுக்கு ஆடணும்கிறதுக்காக வருசா வருசம் பாஸ் போட்டு விட்டாக, எழுத்துதான் வரலை. விளையாட்டுக் கோட்டாவுல வேலை கெடச்சதுக்கு அப்புறம் ரசிகருங்க லெட்டரா வந்து குவியுது. புஷ்பம், நீ போட்டு விடுன்னாக. போட்டோ, கார்டு, லெட்டரு, எல்லாம் நான்தான். அந்த வளைவுகூட நான் கண்டுபிடிச்சதுதான், பாத்தா ஜோரா இருக்கட்டும்னு. ஆபீஸ் ரெஜிஸ்டர்ல மட்டும் அவுகளே போடுவாக. யாரும் வர்றதுக்கு முன்னாடியே போயி உக்காந்து போட்டுருவாக. வெளியில தெரிஞ்சா வேலை போயிருமோன்னு கடைசி வரைக்கும் பயம்.”

“எங்கிட்டகூடச் சொல்லலியே” என்றார் சங்கரபாண்டியன்.

“என்னைத் தவிர யார்கிட்டயும் சொல்லலை.”

உள்ளே போய் ஒரு தாள் கொண்டுவந்தார். சர்ச்சில் இருக்கிற கல்யாணப் பதிவேட்டின் நகல், 1981. பாதிரியார் முன்னால் போட்ட கையெழுத்து. கையில் லென்ஸ் இருந்தும் எனக்கு அது தேவைப்படவில்லை. ‘ச’வை எழுதிவிட்டு இடுக்கில் செருகிய கொம்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் எழுந்த பேனா. மட்டையில் இருந்த அதே கை.

நான் நாற்பத்தோரு தடவை ஒரு டீச்சரம்மாவின் கையெழுத்துக்கு ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறேன். அசலாய் இருந்த ஒன்றே ஒன்றைப் போலி என்று எழுதினேன். ஏனென்றால் அது மெதுவாகப் போட்டது.

“இதை நான் எழுதினா சாருக்கு எழுத வராதுன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோயிடும்மா” என்றேன்.

மரியபுஷ்பம் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே, “சங்கரு பொய்யன்னு பேரெடுத்துட்டுத் திரியணுமா, அவுக ரகசியத்துக்காக? அவுக இருந்திருந்தா அதுக்கு ஒத்துக்கிட மாட்டாக. எழுதுங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஆனா ஒண்ணு கேக்கேன். அவுக சொல்லித்தானே போட்டேன்? பொஞ்சாதி போட்டா அது பொய்க் கையெழுத்தாம்மா?” என்றார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

ஜூன் 28, புதன்

எழுதியே விடுகிறேன். இந்த நோட்டுப் புத்தகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

பதினாலு மாதமாக இவர் கையெழுத்தை நான்தான் போடுகிறேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவசரத்துக்கு ஒரு தடவை போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. இவர் பேனா பிடித்து ஒரு கோடு இழுக்கிற நேரத்துக்குள் நான் நாலு காசோலை போட்டுவிடுவேன். வரைபடம் போடும் டிராயிங் பிரிவில் வேலை பார்த்தவரின் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும், எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வங்கிக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. இவரே போட்டதைத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

மரியபுஷ்பத்திடமாவது புருஷன் போடச் சொன்னார். இவர் என்னிடம் எப்போது சொன்னார்? நான் கேட்கவே இல்லையே.

ஜூன் 30, வெள்ளி

ரோஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தோரு சான்றிதழையும் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டான்.

“மேடம், என் தலையில கல்லைத் தூக்கிப் போடறீங்களே! அடுத்த மாசம் ஏலம். வாங்கினவங்க எல்லாம் சந்தோஷமா சுவத்துல மாட்டி வெச்சிருக்காங்க. யாராவது கேட்டாங்களா?”

“ஒருத்தர் கேட்டார்ப்பா. கோவில்பட்டியில.”

“ஒருத்தருக்காக நாப்பத்தோரு பேரா? சரி, நான் உள்ளதைச் சொல்றேன். அவங்க வாங்கறது கையெழுத்தை இல்லை மேடம். உங்க சர்ட்டிபிகேட்டைத்தான். அதைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கறாங்க.”

“அதனாலதான் ரோஷன். கையெழுத்து அந்தம்மாவோடது. சர்ட்டிபிகேட் என்னோடது. அதுல தப்பு இருந்தா நான்தான் சொல்லணும்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மேஜை இழுப்பறையைத் திறந்து, என் பொறுப்பில் இருந்த ஹோலோகிராம் சுருளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மேடம்” என்றான். போய்வா என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான். அவனும் என்ன செய்வான், பாவம். நல்ல காரியத்துக்காக வேலை போயிற்று.

சான்றிதழ் எண், வாங்கியவர் முகவரி எல்லாம் என்னிடம் தனி நோட்டில் இருக்கிறது. வங்கிப் புத்தி. நாற்பத்தோரு கடிதங்களையும் கையாலேயே எழுதுகிறேன். ‘இது செல்வின்துரை சொல்லி அவர் மனைவி போட்டது. நான் தவறாகச் சான்றளித்தேன்.’ பத்தொன்பது முடிந்தது.

ஜூலை 4, செவ்வாய்

இவரை வங்கிக்கு அழைத்துப் போனேன். புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுக்க. காலையில் நான் சொன்னதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டுமென்று அலமாரியைக் காட்டினார்.

கவுன்டரில் இருந்த பெண் தங்கமான பெண். “அங்கிள், கைநாட்டு வெச்சுடலாமே, உங்களுக்கு ஈஸியா இருக்கும்” என்றாள். இவர் தலையை ஆட்டினார். “எழுத்து” என்றார். மூன்று கட்டங்கள், மூன்று கையெழுத்துகள். பின்னால் வரிசை நீள்கிறது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். என் கை தானாக இவர் முழங்கையைத் தாங்கப் போயிற்று. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பதினோரு நிமிஷம்.

அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, போன மாசம் வரைக்கும் வந்த செக்ல எல்லாம் பழைய கையெழுத்தே கரெக்டா இருக்கே?” என்றாள்.

“அது என் வேலைம்மா. இனிமே வராது” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் முத்திரையைக் குத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற மாதிரி சமாளித்தேன்.

ஜூலை 7, வெள்ளி

கடிதம் கிடைத்த இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவர், “முப்பது வருஷம் பேங்க்ல என்னத்தைக் கிழிச்சீங்க?” என்றார். நியாயம்தான். மதுரைக்காரர் ஒருவர், “அவர் சம்சாரம் போட்டதா? அட! அப்ப இருந்துட்டுப் போகட்டும்மா, நான் கழட்ட மாட்டேன்” என்றார்.

சாயங்காலம் கோவில்பட்டி கிளப் செயலாளர் பேசினார். “அம்மா, மட்டை அசல்னு ஒரு பேப்பர் வந்தாப் போதும், அன்னைக்கே மாட்டிருவோம். ஸ்டிக்கர்லாம் வேண்டாம். ஆனா எங்க வழக்கப்படி சாட்சி ஒருத்தர் கையெழுத்து வேணும். நீங்க எழுதும்போது பக்கத்துல இருந்த ஆளா இருக்கணும்.”

ஜூலை 10, திங்கள்

காலையில் இட்லி. அதன்பின் மேஜையைத் துடைத்துவிட்டு, வெறும் வெள்ளைத்தாளில் எழுதினேன். மார்ச் மாதம் நான் எழுதியது தவறு. இந்த மட்டையில் இருப்பது ஞா. செல்வின்துரை தன் கையால் போட்டது. திரு. சங்கரபாண்டியன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. கீழே என் கையெழுத்து.

சாட்சி என்று ஒரு கோடு போட்டு, தாளை இவர் பக்கம் நகர்த்தினேன். “சங்கரபாண்டியன் யாருன்னு தெரியுமா? நம்ம கோவில்பட்டிக்காரர். அவருக்காகப் போடணும். உங்களுக்கு இஷ்டமா?” என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

இவர் முழுவதையும் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு பேனாவை வாங்கினார். ‘த’ போட்டு நிறுத்தினார். ‘ணி’யில் கை நழுவிக் கோட்டுக்குக் கீழே போயிற்று. மேலே கொண்டுவந்து ‘கா’ போட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ‘தணிகாசலம்’ என்று முடிக்கும்போது இவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

நடுங்கின கோடு, நிறுத்தி நிறுத்திப் போட்ட எழுத்து, ஒன்று மேலே ஒன்று கீழே. என் மேஜைக்கு வந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் போலி என்று எழுதித் தள்ளியிருப்பேன்.

அசல்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.